குற்றாலத்துக் கிட்டார் கச்சேரியில் காலியான மூன்று நாற்காலிகள்

கிட்டார் இசை பிடிக்காமல் நான் கச்சேரியிலிருந்து எழுந்து போனதாக என் தம்பி மகள் ஜாஸ்மின் எழுதியிருக்கிறாள். அது தவறு. போன மாதம் ஒரு பழைய புகைப்படத்தை இணையத்தில் போட்டு, அதன் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "1969, குற்றாலம். நடுவில் கிட்டாரோடு நிற்பது என் அப்பா. கான்வென்டில் படித்த என் அத்தைக்கு இந்த மாதிரி இசை ஆகாது. பாதியிலேயே தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா கிட்டாரைத் தொடவே இல்லை." பலர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர், அந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

பாதியில் எழுந்தது உண்மை. அப்பாவின் கையைப் பிடித்தது நான்தான், அதுவும் உண்மை. என் தம்பி செல்வின் பிறகு கிட்டார் வாசிக்கவில்லை என்பதும் உண்மை. இந்த மூன்றையும் ஜாஸ்மின் கோத்திருக்கும் விதம் தவறு. இந்த வலைப்பூவில் நான் போய்வந்த ஊர்களைப் பற்றி வழி, நேரம், செலவு எல்லாம் சேர்த்து எழுதுவது வழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன். எனக்கு எண்பத்தைந்து வயது. அன்று என்னோடு எழுந்து வந்த இருவர் என் அப்பாவும் என் கணவரும். இருவரும் இப்போது இல்லை. சொல்வதற்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

முதலில், ஏன் போனோம் என்பது. அப்பா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் ஆர்கன் வாசிப்பார். முப்பத்தொரு வருடம் வாசித்தார். பாடகர் குழுவில் யாராவது அரை இழை இறங்கினால் திரும்பிப் பார்க்க மாட்டார், இடது தோள் மட்டும் கொஞ்சம் உயரும். அந்தத் தோளுக்கு ஊரே பயப்படும். நானும் அந்தக் குழுவில் பாடியவள்தான்.

செல்வினுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு நான்கு நண்பர்களோடு ஒரு கிட்டார் குழு நடத்திக்கொண்டிருந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் வாங்கிய இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, ஊசியை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வைத்து, அதில் உள்ளதைக் கையில் கொண்டுவந்திருந்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைப் பாடிய பாட்டை மின்கிட்டாரில் உரக்க வாசிப்பது. ப்ளூஸ் ராக் என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'செல்வின் சத்தம்' என்று பெயர்.

இந்த நிலையில் ஒரு வங்கியிலிருந்து செல்வினுக்கு வேலை உத்தரவு வந்தது. எழுத்தர் வேலை, சங்கரன்கோவிலில். ஒரு திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். போக மாட்டேன் என்றான். மதுரையிலும் பெங்களூரிலும் ஓட்டல்களில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், ஒரு வருடம் விடுங்கள் என்றான். இரண்டு வாரம் வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. நான்தான் இடையில் போய், அப்பா அவன் வாசிப்பதை ஒரு தடவை ஒழுங்காகக் கேட்கட்டும் என்றேன். வீட்டுப் பின்கட்டில் கேட்பது வேறு, கச்சேரியில் கேட்பது வேறு.

அப்பா ஒப்புக்கொண்டார். "முழுசா ஒரு தடவை கேக்கேன். பாட்டுன்னா எனக்குத் தெரியும். சத்தம்னா அதுவும் தெரியும். கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். செல்வினும் தலையசைத்தான். அப்பா என்ன சொன்னாலும் அதற்குக் கட்டுப்படுவதாகப் பேச்சு. வேலை உத்தரவை அப்பா மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

கச்சேரி குற்றாலத்தில், சாரல் நாட்களில், அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. சீசனுக்கு வந்து தங்கும் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு மருத்துவமனைக்கு உதவி நிதி திரட்டுவதற்காக ஒரு பங்களாத் தோட்டத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். நாற்காலிக்கு மூன்று ரூபாய், பெஞ்சுக்கு ஒரு ரூபாய். செல்வினும் குழுவும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். அப்பா, என் கணவர் டேனியல், நான் என மூன்று பேர் சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

திருநெல்வேலி ஜங்ஷனில் 6.40 ரயில். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு இரண்டு ரூபாய் பத்து காசு. அப்போது மீட்டர் கேஜ், நிலக்கரி என்ஜின். போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் வெள்ளைச் சட்டை கறுப்பாகிவிடும் என்பதால் அப்பாவை முதுகு காட்டி உட்கார வைத்தோம். அம்பாசமுத்திரத்தில் இட்லி வாங்கினோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்று மாறும். அதுவரை சன்னலில் அனல் வந்துகொண்டிருக்கும். திடீரென்று யாரோ ஈரத் துணியை உதறினாற்போல முகத்தில் படும். இன்றைக்கும் அந்த இடம் அப்படியே இருக்கிறது, அதை யாரும் மாற்றவில்லை. 9.25க்குத் தென்காசி. எழுபத்திரண்டு கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம்.

ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி பிடித்தோம். பஸ்ஸில் இருபது காசுதான், ஆனால் கூட்டம். வண்டிக்காரர் பெயர் இசக்கி, ஐம்பது வயதிருக்கும். இரண்டு ரூபாய் கேட்டார், ஒன்றரைக்கு ஒத்துக்கொண்டார். மாலை ஆறு மணிக்கு வந்து எங்களைத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட வேண்டும் என்று அப்போதே பேசி வைத்தோம்.

"சார்வாள் கோட்டுப் போட்டு குளிக்க வந்திருக்கியளே" என்றார் அப்பாவைப் பார்த்து.

"குளிக்க வரலை. பாட்டுக் கச்சேரிக்கு வந்திருக்கோம்" என்றார் அப்பா.

"யாரு பாடுதா?"

 என் கணவர்தான், "மாமாவோட மகன். கிட்டார்" என்றார்.

"அப்ப சரி. சொந்த மகன் பாட்டுன்னா தப்பிக்க முடியாதுல்லா" என்று குதிரையைத் தட்டினார். அப்பாவின் இடது தோள் உயர்ந்ததை நான் பார்த்தேன்.

தென்காசிக் கோபுரம் அப்போது இடிந்து மொட்டையாக நின்றது. அதைத் தாண்டினால் குற்றாலம் வரை ஐந்தரை கிலோமீட்டர், வழி முழுக்கச் சாரல். வெயிலும் இருக்கும், தூறலும் இருக்கும். குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாது. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு குடைதான் கொண்டுபோயிருந்தோம். புறப்படும் அவசரத்தில் இன்னொன்றைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டேன். குடை விஷயத்தைச் சும்மா எழுதவில்லை என்பது பிறகு தெரியும்.

பேரருவிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் பகல் வாடகைக்கு ஓர் அறை எடுத்தோம், ஆறு ரூபாய். என் கணவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனார். தேய்த்தவர் அவர் முதுகில் தாளம் போட்டதைப் பார்த்து, "இவன் காலப்பிரமாணம் நல்லாயிருக்கு" என்றார் அப்பா. இரண்டு வாரத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நான் பெண்கள் பக்கம் குளித்தேன். அப்பா குளிக்கவில்லை, கோட்டைக் கழற்றவும் இல்லை. அதன் பைக்குள் என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணி வாக்கில் பங்களாவைப் பார்க்கப் போனோம். கடைவீதியிலிருந்து ஐந்தருவிச் சாலையில் மேற்கே அரை மைல். மேடை போட்டாகிவிட்டது. ஆனால் அங்கே ஒரே கூச்சல். குழு கொண்டுவந்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டி, சீசன் நேரத்து மின்சாரம் ஏறி இறங்கியதில் முதல் சோதனையிலேயே புகைந்துவிட்டதாம். பெட்டி இல்லாவிட்டால் மின்கிட்டார் வெறும் பலகை. பங்களாக்காரர்கள் தென்காசியிலிருந்து சுடலைமுத்து என்பவரின் மைக்செட்டை வரவழைத்திருந்தார்கள். கல்யாணம், கோவில் கொடை, சடங்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவாராம். அவர் கிட்டார் வயரைத் தன் மைக்செட்டில் சேர்த்து வேலை செய்ய வைத்துவிட்டார். கெட்டிக்காரர்தான். ஆனால் நான்கு குழாய்களையும் தோட்டத்து மாமரங்களின் உச்சியில், சாலையைப் பார்த்து, வெளிப்பக்கமாகக் கட்டியிருந்தார்.

மதுரை ரயில்வே காலனியிலிருந்து வந்த பாடகன் டெரிக் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். செல்வின், "அண்ணாச்சி, ஆளுக இங்கன உக்காந்திருக்காங்க. கொழா அங்கன பாத்திருக்கே" என்றான்.

"தம்பி, இங்கன உக்காந்திருக்கவன் டிக்கெட்டு வாங்கிட்டான். அவனுக்கு எதுக்குக் கொழா? கொழாங்கிறது வெளியூர்க்காரனைக் கூப்பிடுததுக்கு. இலஞ்சி வரைக்கும் கேக்கும், பந்தயமா?"

"ஒண்ணையாவது உள்ள திருப்புங்க அண்ணாச்சி."

"உள்ள திருப்புனா கீய்ய்ங்குன்னு கத்தும். மைக்கு இங்கன இருக்குல்லா? எத்தனை கல்யாணத்துக்குக் கட்டிருக்கேன், நீ எனக்குச் சொல்லுத?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏணியும் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டது. செல்வின் எங்களைப் பார்த்தான். "முன் வரிசையில உக்காருங்கக்கா. மூணு நாற்காலி போட்டு வச்சிருக்கேன். அங்கன கொஞ்சம் கேக்கும்" என்றான். அப்பாவிடம் அவன் எதுவும் பேசவில்லை. 

மூன்றேகாலுக்கு நானும் என் கணவரும் மங்குஸ்தான் வாங்கக் கடைவீதிப் பக்கம் வந்தோம். டஜன் ஒன்றேகால் ரூபாய் சொன்னார்கள். பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது மேற்கிலிருந்து காற்று வந்தது. அதோடு ஒரு கிட்டார் சோதனைக்காக வாசிக்கப்படும் ஒலியும் வந்தது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. பழக்கடைக்காரப் பெண் கூட நிமிர்ந்து பார்த்தாள். அரை மைல் தூரத்தில் அத்தனை தெளிவு. அதை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். சுமார் நூற்றைம்பது பேர். தொடங்குவதற்கு முன் சுடலைமுத்து அண்ணாச்சி பிள்ளையார் பாட்டு இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். அதைப் போடாமல் செட்டை யாருக்கும் கொடுப்பதில்லையாம். அமெரிக்கத் துயரப் பாட்டுக்கு முன்னால் பிள்ளையார் பாட்டு. குழு கைகட்டி நின்றது. என் அப்பா, வாழ்நாள் முழுவதும் கோவில் ஆர்கனில் உட்கார்ந்தவர், அந்தப் பாட்டு முடியும் வரை கண்ணை மூடி மரியாதையாகக் கேட்டார்.

பிறகு இவர்கள் ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் எங்களுக்குக் கேட்டது என்னவென்றால், டிரம், டிரம், மறுபடியும் டிரம். டெரிக் வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது. செல்வின் விரல் ஓடுவது தெரிந்தது. கிட்டார் மட்டும் எங்கள் தலைக்கு மேலே ஏறி, முதுகுக்குப் பின்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது. முதல் பாட்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அப்பா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் கையைக் கீழே போட்டார்.

"ஒண்ணும் விளங்கலயேட்டி. தகரத்தைத் தட்டுத மாதிரில்லா இருக்கு" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று வந்தவர் கேட்க முடியாமல் சொன்னார். அவருடைய வலது கை கோட்டுப் பையின் மேல் இருந்தது.

இப்படியே முடிந்தால் தீர்ப்பு என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காத ஒன்றின் மேல் தீர்ப்பு. "எந்திரிங்கப்பா, என்கூட வாங்க" என்று கையைப் பிடித்தேன். "எங்கட்டி?" என்றார். "வாங்கப்பா, சொல்லுதேன்." தூறல் விழத் தொடங்கியிருந்தது. குடை என் கணவர் கையில் இருந்தது. அதனால் அவரும் எழுந்து வந்தார். முன் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே, மூன்று நாற்காலிகள் காலியாயின. அதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவே இல்லை. அப்பாவை அந்தக் காற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

கடைவீதியை நோக்கி நடந்தோம். முந்நூறு அடி போனதும் கிட்டார் வந்தது. சாலையில் ஒரு சிறு பாலம் இருக்கும். அதன் கட்டைச் சுவர் அருகில் இசக்கி வண்டியை நிறுத்திவிட்டு, ஆறு மணிக்கு வரச் சொன்னவர் நாலரைக்கே வந்து, பீடியோடு உட்கார்ந்திருந்தார்.

"இதா சார்வாள் மகன்? நீங்க உள்ள இருப்பியன்னுல்லா நினைச்சேன்."

"உள்ள கேக்கலை" என்றேன்.

"இங்கன நல்லாக் கேக்குது. நாயனக்காரரு இழுத்த மாதிரில்லா இழுக்காரு. குதிரை கூட அசையல, பாத்தியளா."

அப்பா கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அடுத்த முப்பத்தைந்து நிமிடம் அந்தப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் வந்தது ஒரு மெதுவான பாட்டு. பன்னிரண்டு தாள அளவுக்கு ஒரு சுற்று, திரும்பத் திரும்ப அதே சுற்று. டெரிக் ஒரு வரி பாடுவான். செல்வின் கிட்டாரில் அதற்குப் பதில் சொல்லுவான். ஒரு பெரிய துக்க வீட்டில் ஒருவர் சொல்ல இன்னொருவர் ஆமாம் என்று சொல்வதுபோல. சில இடங்களில் தம்பி தந்தியை விரலால் தள்ளி, ஒரு சுரத்தை அதன் இடத்திலிருந்து கொஞ்சம் வளைத்து, அங்கேயே நிறுத்தினான். பாடகர் குழுவில் நான் அப்படி நிறுத்தியிருந்தால் தோள் உயர்ந்திருக்கும். நான் அப்பாவின் இடது தோளைப் பார்த்தேன். அது உயரவில்லை.

அந்தப் பாட்டு முடிந்தபோது அவர் சொன்னதை ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிறேன்.

"அவன் நிக்க இடம் என் ஆர்கன் கட்டையில இல்லட்டி. ரெண்டு கட்டைக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, அங்கன போய் நிக்கான். தெரியாம நிக்கலை. தெரிஞ்சு நிக்கான்."

பிறகு என் கணவரிடம் திரும்பி, "மாப்பிள்ளை, திங்கக்கிழமை அந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிருவோம். ஒரு வருசம் பாக்கட்டும்" என்றார்.

இதுதான் என் அப்பாவின் தீர்ப்பு. ஜாஸ்மினுக்கும் அவள் அப்பாவுக்கும் இதுவரை தெரியாது.

நாங்கள் உடனே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு என்று அப்பாவே உட்கார வைத்தார். அதற்குள் மழை வலுத்துவிட்டது. ஐந்தரைக்கு இசக்கியின் வண்டியில் பங்களாவுக்குப் போனபோது கச்சேரி முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வின் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

அப்பா வண்டியிலிருந்து இறங்கி, வாயைத் திறந்தார். அதற்குள் செல்வின் முந்திக்கொண்டான்.

"திங்கக்கிழமை ஜாயின் பண்ணிருதேம்பா" என்றான்.

அப்பா அவனையே பார்த்தார். "நீயே யோசிச்சுச் சொல்லுதியா?"

"யோசிச்சிட்டேன். இது சரிப்படாது."

 அப்பா கோட்டுப் பைக்குள் கையை விட்டு, மடித்த உத்தரவை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். செல்வின் என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காமல், "மூணு பாட்டாவது இருந்தீங்களே, தேங்க்ஸ்க்கா" என்றான். சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டான்.

அந்த நொடியில்தான் எனக்கு அந்த மூன்று நாற்காலிகள் கண்ணில் பட்டன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மழையில்.

6.50 ரயிலில் திரும்பினோம். பெட்டியில் நான் அப்பாவிடம், "நீங்க சொல்லியிருக்கலாம்லப்பா" என்றேன். "அவனே முடிவு பண்ணிட்டான். பிடிக்காத ஒருத்தனைப் பிடிச்சு இழுத்து வாசின்னு சொல்லவா? கேட்டா சொல்லுதேன்" என்றார். பையன் இசையைத் தானாகவே விட்டுவிட்டான் என்று அவர் நம்பினார். அப்பா தன்னை நிராகரித்துவிட்டார் என்று பையன் நம்பினான். இரண்டும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். என் கணவர், "நல்ல வேலை ரெஜினா, தானா அமைஞ்சிருக்கு. கிளறாத" என்றார். நான் கிளறவில்லை.

வீட்டுக்கு அந்த வருமானம் தேவைப்பட்டது என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். செல்வின் நன்றி சொன்ன விதம் எனக்குச் சுட்டது. அவன் என்னிடம் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. இன்ன காரணம் என்று தானே முடிவு செய்துவிட்டு என்னிடம் பேசினான். நான் அவனுக்காகப் பரிந்து பேசி, அப்பாவைக் கூட்டி வந்து, நல்ல இடத்தில் நிறுத்திக் கேட்க வைத்தவள். கேட்காதவனிடம் நானாகப் போய் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும், அவன் கேட்கட்டும், கேட்டால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று இருந்தேன். ஒரு வாரத்தில் கேட்பான் என்று நினைத்தேன். அவன் சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டான். கிட்டார் டெரிக்கிடம் போய்விட்டது. அப்பா, "கேட்டா சொல்லுதேன்" என்றார். நானும் அதையேதான் செய்தேன். எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கம்.

இரண்டு வாரம் கழித்து ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் அப்பா ஆர்கனை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். "வரலை" என்று சொல்லி மூடினார். அவர் அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார். செல்வினோடு நன்றாகவே பேசினார். கச்சேரியைப் பற்றிப் பேசவில்லை.

இந்தப் பயணத்தை இப்போது செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு இப்போது அகல ரயில் பாதை. முன்னைப் போல இரண்டே முக்கால் மணி நேரம் ஆகாது, சட்டையும் கறுக்காது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. சனி, ஞாயிறு தவிர்த்துப் போங்கள். அருவியில் தண்ணீர் அதிகமானால் குளிக்க விட மாட்டார்கள், வாக்குவாதம் செய்ய வேண்டாம். ஆளுக்கு ஒரு குடை கட்டாயம். மங்குஸ்தானை அழுத்திப் பார்த்து வாங்குங்கள். தோல் கல்லாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும்.

திறந்த வெளியில் கச்சேரி கேட்கப் போனால், முன் வரிசைதான் நல்லது என்று நினைக்காதீர்கள். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நில்லுங்கள். ஆனால் மேடையில் உங்கள் வீட்டுப் பிள்ளை இருந்தால், எழுந்து போகும் முன் ஒரு கை காட்டிவிட்டுப் போங்கள். முடிவதற்குள் திரும்பி வந்து உட்காருங்கள். வாசிப்பவர்களுக்கு அங்கிருந்து நாற்காலி மட்டும்தான் தெரியும்.

போன வருடம் காரில் அந்த வழியாகப் போனேன். பங்களா இருந்த இடத்தில் ஒரு தங்கும் விடுதி. பாலத்துக் கட்டைச் சுவர் இன்னும் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். செல்வின் இப்போது கோயம்புத்தூரில் ஜாஸ்மினோடு இருக்கிறான், எழுபத்தெட்டு வயது. மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசுகிறோம். சர்க்கரை, கண், பென்ஷன் என்று எல்லாம் பேசுவோம். அன்று நின்றதை அவனிடம் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜாஸ்மின், இதை அச்செடுத்து உன் அப்பாவிடம் கொடு. நீ வாசித்துக் காட்ட வேண்டாம், அவனே படிக்கட்டும்.

செல்வின், அப்பா சொன்னது மேலே இருக்கிறது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. அன்று மாலை அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லாதது என் தவறு. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் நீ அந்த உத்தரவைத் திருப்பி அனுப்பியிருப்பாயா? எதுவானாலும் எனக்கு எழுது. தொலைபேசியில் வேண்டாம், உன் கையெழுத்தில், தபாலில். என் முகவரி மாறவில்லை.